பிற (குறிப்பிடுக)

அப்புத்தளை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
போட்டோகொப்பிக் கடை மூடிய பிறகுதான்
எங்கள் சங்கம் திறக்கும்.
ஐந்து பேர், ஒரு லெப்டொப்,
இரண்டு டேட்டா சிம்.
ஒன்று மழைக்கு வேலை செய்யாது.

பணிய கணக்கில் மண் சரிந்து
பதினோராம் நாள்.
நிதி திரட்டும் தளம் கேட்கிறது
பயனாளியின் வீட்டு இலக்கம்.
பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்.
நிரப்பாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது.

ஆறாம் லயம், நாலாவது காம்பரா,
பீலிக்கு மேல் பக்கம்.
கடிதமெல்லாம் ஆபீசுக்கு வரும்,
ஆபீசிலிருந்து எப்போதாவது லயத்துக்கு.
இப்போது லயமும் இல்லை.
மண்ணுக்கு என்ன இலக்கம் போடுவது?
ரொபின்சன் பூஜ்யம் அடித்தான்.
செல்லுபடியாகாத எண் என்றது.
நான்கு ஒன்பது அடித்தான்.
ஏற்றுக்கொண்டது.

பிறகு படம்.
டொரொன்டோவில் ஒருவர், நல்ல மனிதர்,
முதல் நாளே ஐம்பது டொலர் போட்டவர்,
எழுதியிருந்தார்:
'முகம் தெரிய வேண்டும்,
கண் கொஞ்சம் கலங்கியிருந்தால்
இங்கே நிறையப் பேர் பகிர்வார்கள்.'

ஸ்கூல் ஹோலில் பாய் விரித்திருந்த
சந்தனமேரியிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.
ரொபின்சன்தான் கேட்டான்.
பிள்ளையின் சட்டையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்:
"அழுது முடிச்சாச்சு தம்பி.
அன்னைக்கே வந்திருந்தா எடுத்திருக்கலாம்."
பிறகு முடியை ஒதுக்கிவிட்டு
நேராக நின்றாள்,
அடையாள அட்டைக்கு நிற்பதுபோல.

அதைத்தான் போட்டோம்.
பச்சைக் கோடு பதினெட்டு சதவீதத்தில் நின்றது.
இரவெல்லாம் அதையே பார்த்திருந்தேன்,
ஈர விறகில் வைத்த உலையைப் பார்ப்பதுபோல.
அதே தளத்தில் ஒரு நாய்க்குட்டிக்குக் கால் அறுவை,
எழுபது தாண்டிவிட்டது.
குட்டி நடக்கட்டும். அதன்மேல் எனக்குக் கோபமில்லை.

விடியப் பார்த்தால் தமாமிலிருந்து முப்பது ரியால்.
வீட்டு வேலை, மேல் கணக்குப் பெண்.
பெயரைப் போட வேண்டாமென்று
தன் பெயரெழுதிக் கேட்டிருந்தாள்.
அதனால் இங்கும் எழுதவில்லை.

காசு வந்து இறங்கியபோது
தளத்துக்கு ஒரு கழிவு, வங்கிக்கு இன்னொன்று.
கணக்கை வாசித்துக் காட்டினோம்.
"இங்கயும் தண்ணிக்குக் கழிப்பாங்களா?"
சந்தனமேரி சிரிக்காமல்தான் கேட்டாள்.
கொழுந்து நிறுத்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

மூன்றாம் வாரம்
தன்னார்வலர் படிவம் ஒன்று செய்தோம்.
கொழும்பு, மட்டக்களப்பு, எங்கோ ஒஸ்லோ,
நாற்பத்திரண்டு பேர்.
மொழிபெயர்ப்பு. கணக்கியல். வடிவமைப்பு.
மனநல ஆலோசனை, சூமில் மட்டும், ஞாயிறு மட்டும்.
சந்தனமேரி எட்டிப் பார்த்தாள்.
"இது எங்களுக்குக் குடுக்கிறதா,
எங்ககிட்ட கேக்கிறதா?"
கேட்கிறதுதான் என்றேன்.
"அப்ப என் பேரையும் போடுங்க."

திறன்களை ஒவ்வொன்றாக வாசித்தேன்.
ஒவ்வொன்றுக்கும் இல்லையென்று தலையாட்டினாள்.
கடைசியில் 'பிற'.
என்ன எழுத என்று கேட்டேன்.
யோசிக்கவேயில்லை.
"கரண்ட் இல்லாம பாதை தெரியும்.
மண்ணு எறங்குறதுக்கு முந்தி
பீலித் தண்ணி கலங்கும், அது தெரியும்.
அன்னைக்குப் பதினாலு கதவு தட்டினேன்.
மூணு தட்டல.
அதையும் எழுதுங்க."

அந்தக் கட்டத்தில் நூறு எழுத்துக்குத்தான் இடம்.
மூன்று கதவும் வெளியே நின்றன.
ரொபின்சன் என்னைப் பார்த்தான்.
நான் அனுப்பு என்பதை அழுத்தினேன்.

"போயிருச்சா தங்கச்சி?"
"எல்லாம் போயிருச்சு" என்றேன்.