பதினேழு நிமிடம்

கடைசி நிறுத்தத்தில் எனக்குப் பதினேழு நிமிடம்.
பேருந்தை அணைத்துவிட்டு
இருக்கைக்கு அடியிலிருந்து எடுப்பேன்.
மூன்று வெள்ளை, ஒரு கருப்பு,
மூன்று வெள்ளை, ஒரு கருப்பு.
யாராவது கண்ணாடியைத் தட்டி
"க்ளாக்ஸ்விக் எத்தனை மணிக்கு?" என்பார்கள்.
எண்ணிக்கை போய்விடும்.

சாயமிடாத கம்பளி. ஆடு என்ன நிறமோ அதுவே நிறம்.
சிவப்பு மட்டும் கடையில் வாங்கினேன்,
படகுகளுக்கு.
அப்பாவின் படகு சிவப்பு.
அதை விற்ற பணத்தில்தான்
ஹோக்னி அண்ணனும் நானும் பேசாமலானோம்.

ரோய்க்கு ஆறு வயது.
அவனோடு எனக்கென்ன சண்டை?
அக்டோபரில் தொடங்கியதை மார்ச்சில்
தபாலில் போட்டேன். சீட்டு எழுதவில்லை.

அண்ணி படம் அனுப்பினாள்.
போர்வை புறம் மாறிக் கிடந்தது.
நான் ஒளித்துவைத்த பக்கம் மேலே,
கட்டில் முழுக்கத் தொங்கும் நூல்கள்,
அலங்கோலம்.
சுருக்கென்றது.
"திருப்பிப் போட விடமாட்டேன் என்கிறான்.
இந்தப் பக்கம்தான் கயிறு இருக்கிறதாம்.
கயிறில்லாவிட்டால் படகு போய்விடுமாம்."

நேற்றிரவு ஒன்பதரைக்கு
மூன்று வருடமாக வராத எண்.
முதலில் மூச்சு மட்டும். பிறகு,
"கால்விரல் மாட்டி ஒரு நூல் அறுந்துவிட்டது.
பையன் அழுகிறான்.
என்ன முடிச்சுப் போடுவது?"

படகில் வளர்ந்தவன் கேட்கிற கேள்வியா இது?
சொன்னேன்.
மெதுவாக, இரண்டு முறை.
போனை எங்கோ வைத்துவிட்டு
அவன் பல்லால் நூலைக் கடிப்பது
கேட்டது.