ராக்கியா கோப்பை அளவு

யாருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது
என்று மருந்துக்கடைக்காரி கேட்டாள்.
மூன்று டப்பா பவுடர்,
பல்லிடுக்கில் விடும் நூல் ஆறு சுருள்.
ராக்கெட்டுக்கு, என்றேன்.
மீதிச் சில்லறையை எண்ணாமல் கொடுத்தாள்.

பவுடர் போடாவிட்டால்
மடிப்போடு மடிப்பு ஒட்டிக்கொள்ளும்.
வெங்காயச் சருகைவிட மெல்லிய வெள்ளித்தாள்,
என் இரு கைகளையும் விரித்தால் அதில் பாதி அகலம்.
பதினாறு நூல், பதினாறும் ஒரே நீளம்.
ஒன்று குட்டையானாலும்
குடித்தவன் வீடு திரும்புவதுபோல் இறங்கும்.

குழாயை வாங்கவில்லை, சுற்றினேன்:
மெழுகு தடவிய தண்டின்மேல் கண்ணாடி இழைத் துணி,
அதன்மேல் பிசின்,
பிறகு ரொட்டி சுடும் சூட்டில் பாதியில், இரவெல்லாம் அடுப்பில்.
மறுநாள் பஸ் ஓட்டும்போது சீருடையில் பிசின் நாற்றம்.
பால்சா இறக்கை மூன்று.
வெடிப்பின் சூடு தாளைச் சுடாதிருக்க
இடையில் ஒரு கிள்ளுப் பஞ்சு.
மூக்குக்குள் துண்டுச் சீட்டு:
ரதோய்கா, தொலைபேசி எண், கண்டெடுத்தவர் தயவுசெய்து.
எல்லாம் சேர்ந்தும் ஒரு கடிதத்தின் எடைதான்.

கிகிந்தாவுக்கு வெளியே அந்தப் புல்வெளி.
மூன்று பக்கமும் சூரியகாந்தி, ஆகஸ்டில்
தலை கனத்து, எதையும் பார்க்க மறுத்து.
தூண்டில் கம்பின் நுனியில் பழைய கேசட் நாடாவைக் கட்டி
நட்டு வைத்திருக்கிறோம்.
யாருடைய கல்யாணப் பாட்டோ
சத்தமில்லாமல் காற்றில் நெளிகிறது.
அது மேல்நோக்கி எழுந்தால்
வெந்த காற்று ஏறுகிறது என்று அர்த்தம்.

நான் ஏவட்டும் என்று மிலுதின் காத்திருந்தான்.
அவன் ஏவட்டும் என்று நான்.
நாற்பது நிமிடம் மாறி மாறி
செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டோம்.

நாடா எழுந்தது.
பொத்தானை அழுத்தினேன்.
பத்தாவது நொடியில் அவனும், என் காற்றிலேயே, கள்ளன்.

புகை தீர்ந்த பிறகு
வெறுமனே ஏறிக்கொண்டிருக்கும் சில நொடிகள்
எனக்குப் பிடிப்பதில்லை.
உள்ளே என்ன நடக்கிறதென்று
மடித்தவளுக்கும் தெரியாது.

டப்.
வெள்ளி விரிந்தது. பக்கத்தில் அவனுடையது, சிவப்பு.

இதற்கு விதிப்புத்தகத்தில் 'மீட்பு' என்று பெயர்.
ஐந்து நிமிடம் மிதந்தால் முழு மதிப்பெண்.
ஐந்தாவது நிமிடத்தில் நடுவர்கள் கடிகாரத்தை நிறுத்தி
தொலைநோக்கியை இறக்கினார்கள்.
அவை இறங்கவில்லை.
சூரியகாந்தியைத் தாண்டி
ருமேனியா பக்கம் போயின, புள்ளியாக, அரைப் புள்ளியாக.
எல்லைக் காவலர் யாரும் மேலே பார்ப்பதில்லை.

இன்னும் இரண்டு சுற்று.
ஆளுக்கு ஒரு ராக்கெட்தான் மிச்சம்.

நகவெட்டிக் கத்தரியை எடுத்தேன்.
நடுவில் ஒரு துளை போட்டால்
காற்று கொஞ்சம் ஒழுகும், குடை கொஞ்சம் திரும்பி வரும்.
எவ்வளவு பெரிய துளை?
காபிக் கோப்பையைக் கவிழ்த்து வரை, என்றான் மிலுதின்.
அவன் எனக்கு நல்லது சொன்னானா
எனக்குச் சீக்கிரம் தரை தட்ட வேண்டுமென்று சொன்னானா,
பதினோரு வருடமாகப் பழகியும் தெரியவில்லை.
ராக்கியா கோப்பையை வைத்து வரைந்தேன்.

நாலு நிமிடம் பதினேழு.
உழுத மண்ணில் படுத்திருந்தது.
கையில் எடுத்தபோது இன்னும் சூடு.

மிலுதின் வெட்டவே இல்லை.
முழு ஐந்து நிமிடம். கைதட்டினோம்.
அவனுடைய இரண்டும் இப்போது ருமேனியாவில்.
மூன்றாம் சுற்றில் ஏவ ஒன்றுமில்லாமல்
என் நூல் சிக்கைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.
ஓர் இழையையும் அறுக்கவில்லை.

திங்கட்கிழமை, ஏழாம் தடம், மார்க்கெட் முனை, சிவப்பு விளக்கு.
சீருடைக் கை மடிப்பிலிருந்து
ஏதோ வழுக்கி விழுந்தது:
வெட்டி எடுத்த வட்டம்,
ஓரத்தில் இன்னும் பவுடர்.
கண்ணாடிக்கடியில் வரும் வெந்த காற்றில்
அது ஒருமுறை புரண்டது,
எழுந்தது,
என் கண் மட்டத்துக்கு வந்து நின்றது.

விளக்கு பச்சையாகியிருக்கிறது போலும்.
பின்னால் ஹாரன்கள்.