சொட்டும் இடம்

ஊரின் பெயர் மெர்சிடிஸ்.
எங்களிடம் இருந்ததோ பெஷோ 404,
அறுபத்தொன்பதாம் வருடத்து வண்டி.
உருகுவே முழுக்க இந்த நகைச்சுவையைச் சொல்லித் திரிந்தான் ஆதெமார்.
நானும் ஒன்பது வருடம் சிரித்தேன்.

பிறகு பதினோரு வருடம்
வண்டி என் கொட்டகையில் நின்றது.
பதிவுத்தாளில் இரண்டு பெயர்.
பிரிவுக்குக் கையெழுத்துப் போட்டோம்,
வண்டிக்குப் போடவில்லை.
ஏனென்று நீதிபதியும் கேட்கவில்லை.

நின்றவரையில் ஒரு சொட்டு விழுந்ததில்லை.
போன மாதம் புது பேட்டரி, நாலு லிட்டர் புது எண்ணெய்;
இருமி, உறுமி, உயிர்பிடித்து
இருபது நிமிடம் ஓடியது.
மறுநாள் காலை சிமெண்டுத் தரையில்
காசளவு கறுப்பு.
அடுத்த நாள் தட்டளவு.

பாஸ்டோரினோ என்றொருவர் மான்டெவிடியோவிலிருந்து
வியாழன் வருகிறேன் என்றார், ரொக்கத்தோடு.
முதல் கேள்வியே "ஒழுகுமா?"
அதனால்தான் ஆதெமாரைக் கூப்பிட்டேன்.
வேறெதற்கும் இல்லை.

வந்தான்.
மாத்தே குடுவையை மட்கார்டின் மேல் வைத்துவிட்டு
அட்டையை விரித்து அடியில் நுழைந்தான்.
"கிராங்கின் பின்சீல்" என்றன
வெளியே நீட்டிய கால்கள்.
பார்த்த மாத்திரத்தில் தீர்ப்பு. அப்படித்தான் அவன்.
பின்சீல் என்றால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும்,
வியாழனை மறக்க வேண்டும்.
"நின்று நின்று காய்ந்து போயிருக்கும்.
அப்பப்போ ஓட்டியிருக்கணும் நீ."
நீ.
டீசலில் தோய்த்த பிரஷ்ஷை அடியில் நீட்டினேன்.

குடிநீர் நிறுவனத்தில் கசிவு தேடுவது என் வேலை.
தெருவில் தண்ணீர் பொங்கும் இடத்திலேயே
குழாய் உடைந்திருப்பது அபூர்வம்.
பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.
"முதலில் கழுவு" என்றேன்.

பதினோரு வருடத்துப் பிசுக்கு,
எலி சேர்த்த வைக்கோல், ஒரு குளவிக்கூடு,
யூகலிப்டஸ் சருகு,
எல்லாம் கரைந்து வாளியில் இறங்கின.
கீழே அலுமினியம் இருந்ததே
இருவருக்கும் மறந்திருந்தது.

காய்ந்ததும் பவுடர் தூவ வேண்டும்.
வெள்ளையின் மேல் எண்ணெயால் பொய் சொல்ல முடியாது.
என் வீட்டில் பவுடர் இல்லை.
அவன் தன் காருக்குப் போய்
ஒரு டப்பாவோடு திரும்பினான்.
மூடியில் வாத்துப் படம். பாதி காலி.
"எத்தனை மாதம்?"
"ஏழு. அமாபெல் என்று பெயர்."
டப்பாவைத் தட்டினேன்.
எண்ணெய்ச் சட்டி, வால்வு மூடி, பின்சீலின் விளிம்பு
எல்லாம் பூச்சு கண்டு மினுங்கின.
கொட்டகை நிறைய ஒரு குழந்தை தூங்கும் வாசனை.

எஞ்சின் ஓடியது.
ஆளுக்கொரு டார்ச்,
தோள் இடிக்காத தூரத்தில் குனிந்து நின்றோம்.
பின்சீல், வெள்ளை.
சட்டி, வெள்ளை.
பத்து நிமிடம்.
விசிறிக் காற்றில் கொஞ்சம் அவன் புருவத்தில், வெள்ளை.
பிறகு மேலே,
வால்வு மூடியின் பின்மூலையில்
எறும்பு ஊர்வது போல் ஒரு சாம்பல் கோடு.

இந்த எஞ்சின் சாய்ந்தே படுத்திருப்பது.
உச்சியில் கசிந்தது
பிளாக்கின் முதுகோடு ஒளிந்து இறங்கி
பின்சீலின் வாசலில் சொட்டி
அதற்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்திருக்கிறது.

மூடியைக் கழற்றினோம்.
கார்க் கேஸ்கெட் பிஸ்கட்டாக நொறுங்கியது.
புதிதின் விலை ஒரு பீட்சாவை விடக் குறைவு.
அவன் ஒரு துண்டை விரல்களுக்கிடையில் உருட்டிக்கொண்டே
"அப்போ, நான் அன்றைக்கு..." என்று ஆரம்பித்தான்.
"அந்த நட்டை ரொம்ப முறுக்காதே" என்றேன்.
"முறுக்கினால் மூடி வளையும். மறுபடி ஒழுகும்."
பாதித் திருகலில் நிறுத்தினான்.

வியாழக்கிழமை.
பாஸ்டோரினோ மண்டியிட்டு அட்டையைப் பார்த்தார்,
விரலால் தடவிப் பார்த்தார்,
பானட்டைத் திறந்து மூக்கைச் சுருக்கினார்.
"என்ன இது, குழந்தை வாசனை அடிக்கிறது?"
ஆதெமார் என்னைப் பார்த்தான்.
"ஒழுகவில்லை" என்றேன் நான்.