கழிப்பறைக் காலண்டர்

எங்கள் ஊரில் பிறந்தநாள் என்றால்
பிறந்தவளுக்கு மட்டும் வாழ்த்துச் சொல்லிவிட்டு
உட்கார்ந்துவிட முடியாது.
அம்மாவுக்கு: உங்கள் மகளுக்காக வாழ்த்துகள்.
தாய்மாமனுக்கு: உங்கள் மருமகளுக்காக வாழ்த்துகள்.
பக்கத்து வீட்டுக்காரருக்கும் உண்டு,
பக்கத்து வீட்டில் ஒரு பெண் வளர்வதற்காக.
வட்டமாகப் போட்ட நாற்காலிகளைச் சுற்றி
ஒவ்வொரு கையாகக் குலுக்கி முடிப்பதற்குள்
காப்பி ஆறிவிடும்.

யிட்ஸ்கேவுக்கு இன்று ஏழு வயது.
ஸ்னேக்கில், கால்வாயோரம்,
முன்பு நானும் குடியிருந்த வீடு.
மணியை அழுத்திவிட்டு நின்றேன்.
சாவியைத் திருப்பிக் கொடுத்தபோது
அதன் வளையத்தை மட்டும் வைத்துக்கொண்டேன்,
ஏனென்று கேட்காதீர்கள்.

ரிக்ஸ்ட் கதவைத் திறந்தாள்.
"உன் மகளுக்காக வாழ்த்துகள்" என்றேன்.
"உன் மகளுக்காகவும்" என்றாள்.
நீதிமன்றத்தில்கூட
இத்தனை சரிசமமாகப் பிரித்துத் தரவில்லை.

வட்டத்தில் ஆறாவது நாற்காலி கெர்லோஃப்.
பெரிய கை. படகுக்கு வார்னிஷ் பூசும் கை.
நீட்டிவிட்டான்.
என்ன சொல்ல?
யாருக்காக, எந்த உறவுக்காக?
"வெளியே ஒரே பனி" என்றேன்.
"ஆமாம், பனிதான்" என்றான்.

காகிதக் கிரீடம் சரிந்த தலையோடு யிட்ஸ்கே கேட்டாள்:
"அப்பா, கெர்லோஃபுக்கு மட்டும் ஏன் வாழ்த்துச் சொல்லல?
என்னால அவருக்கு ஒண்ணும் இல்லையா?"

கேக்கின் மேல் கத்தி நின்றது.
பாவ்க்யே அத்தை எரிவாயு விலையைப் பற்றி
அவசரமாகப் பேச ஆரம்பித்தாள்.
நான் எழுந்தேன்.
அந்த வீட்டில்
உள்ளிருந்து தாழிட முடிந்த அறை ஒன்றே ஒன்று.

உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே காலண்டர்.
எங்கள் வீடுகள் எல்லாவற்றிலும் இங்கேதான் தொங்கும்.
கிழமை கிடையாது, தேதி மட்டும்;
அதனால் பழையதாகாது.
போன வருடம் குழாய் வெடித்ததில் அந்தப் பழையது ஊறிப்போயிற்றாம்.
இது புதியது.
ஒவ்வொரு பெயரையும் ரிக்ஸ்ட் உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும்.

தாளைத் திருப்பினேன்.
ஜூன் ஒன்பது, செத்துப்போன அவள் அப்பா, பக்கத்தில் சின்னச் சிலுவை.
செப்டம்பரில் என் சித்தி,
அவளுக்கு ஒருநாளும் பிடிக்காத என் சித்தி.
நவம்பர் பதினான்கு: வீபே.
நீல மை.
கடைச் சீட்டில் "வெங்காயம்" என்று எழுதுவாளே, அதே நிமிர்ந்த எழுத்து.
விட்டிருக்கலாம். யார் பார்க்கப் போகிறார்கள்?
சிலுவையும் போடவில்லை.

பின்னால் வந்தேன்.
மார்ச் மூன்று: கெர்லோஃப்.
பென்சில்.
இரண்டு வருடமாக இந்த வீட்டில் தூங்கி எழுகிறவன்,
இன்னும் பென்சிலில்.

முதலில் எனக்குள் ஒரு சந்தோஷம்,
வெளியே சொல்ல முடியாத ரகம்.
அப்புறம்தான் அந்த இரவு ஞாபகம் வந்தது.
நான் வேலையாக ஹாம்பர்க்கில்.
அவளுக்கு நூற்றி மூன்று காய்ச்சல்.
விடியும்வரை வாளியைப் பிடித்துக்கொண்டு
படியில் உட்கார்ந்திருந்தவன் யார்?
சைக்கிளின் பின்னால்
குனிந்து ஓடியவன் யார்?

நூலில் கட்டிய பேனா ஒன்று தொங்கியது.
பென்சில் கோட்டின் மேலேயே
மெதுவாக எழுதிப்போனேன்.
இது பெருந்தன்மையா,
மையால் எழுதும் உரிமை இன்னும் என்னிடம்தான் என்கிற திமிரா,
தெரியவில்லை.
பாதியில் பேனா காய்ந்தது.
உதறினேன், வாயால் ஊதினேன்,
உள்ளங்கையில் கிறுக்கினேன்.

கதவு தட்டப்பட்டது.
"அப்பா, எவ்வளவு நேரம்! கேக் வெட்டணும்!"

தாளைப் பிப்ரவரிக்குத் திருப்பிவிட்டு
தண்ணீரைத் திறந்துவிட்டேன், சும்மா.

அவள் கேள்வி இன்னும் பாக்கி.
மார்ச் பிறக்கப் பத்து நாள் இருக்கிறது.
'கெர்' மையில்,
'லோஃப்' பென்சிலில்.
யார் கை என்று
ரிக்ஸ்டுக்குத் தெரியும்.