குறைச்சுப் போடுக்கா

காதர்பேட்டையில் மணி பதினொண்ணு.
சரக்கு இறங்குகிற நேரம்.
தோளில் பிரஷர் மெஷின், கக்கத்தில் நோட்டு.
இந்தச் சந்தின் பெண்கள் எல்லாரும் நோட்டில் இருக்கிறார்கள்:
பிசிர் வெட்டுகிறவள், மடிக்கிறவள், டீ கொண்டுவருகிறவள்.
ஆண்களுக்கு
பேர் மட்டும் எழுதியிருக்கிறேன்.

"நமக்கெல்லாம் ஒண்ணும் இல்லீங்" என்கிறார் ராக்கியண்ணன்.
பனியனை விரலிடுக்கில் தேய்த்தே
நூற்றி அறுபது ஜிஎஸ்எம் என்று சொல்லிவிடுகிறவர்.
வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து
ஒரு கட்டுக்குள் இருக்கிற ஒற்றை ஓட்டையைப் பிடிப்பவர்.
இரண்டு வருசமாக இடது கை மரத்துப்போவதை
தூங்கின வாக்கு என்கிறார்.

எதிரே மூட்டை மேல் உட்கார்ந்து
விலை பேசுகிறார் ஒபின்னா தம்பி.
நைஜீரியாவில் ஆபா ஊர்க்காரர்,
ஏழு வருசமாக வந்துபோகிறவர்.
தமிழில் நூறு வார்த்தை தெரியும்.
எண்பது, பேரத்துக்கு.
மிச்சத்தில் ஒன்று 'கருப்பு'.
அதை யாரும் சொல்லித்தரவில்லை.
வாடகை வீடு கேட்டுப்போன வாசல்களில்
பொறுக்கிக்கொண்டது.

அவரும் கையை நீட்டவில்லை.
ஆஸ்பத்திரியில் முதலில் பாஸ்போர்ட் கேட்பாங்க,
அப்புறம் என்னைத் தொடலாமா என்று யோசிப்பாங்க.
ஊருக்குப் போய்ப் பார்த்துக்கறேன் அக்கா.
ஊரில் பார்த்தீங்களா?
ஊரில் நேரமில்லை.
அப்பாவுக்கு?
அப்பா ஐம்பத்திரண்டில்,
கடை ஷட்டரை இறக்கும்போது.
யாரும் அளந்து பார்த்ததில்லை.
சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம்
ராக்கியண்ணனின் ஷட்டரையே பார்த்தார்.

"நீங்க முதல்ல." "அட, நீ முதல்ல."
டஜனுக்கு மூணு ரூபாயில் இழுத்துக்கொண்டிருந்த இருவரும்
இதையும் இழுத்தார்கள்.
எனக்கு இன்னும் நாலு சந்து பாக்கி.
ஒபின்னாவின் சட்டைக் கையை நானே மேலேற்றினேன்.
என் அண்ணன் கையைவிட ஒரு பிடி கருப்பு,
அவ்வளவுதான்.
பட்டை உப்பியது. லோடுமேன் மாகாளிகூட மூட்டையோடு நின்றான்.
மெஷின் முனகி, இறங்கி, ஓய்ந்தது.
நூற்றி எழுபத்தெட்டுக்கு நூற்றி நாலு.

எண்ணைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
பழக்கம் விடுமா?
"குறைச்சுப் போடுக்கா."

சந்தே சிரித்தது.
இது நான் போட்ட விலை இல்லைங்க தம்பி.
ஆனா குறைக்கலாம்.
உப்பைக் கொஞ்சம் விடுங்க, தினம் ஒரு மாத்திரை போடுங்க.
வாசலில் பாஸ்போர்ட் கேட்டா
பதில் நான் சொல்லிக்கறேன்.

அன்று மதியம் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்.
முன்சீட்டு ஆள் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தான்.
மூன்றாம் தரம் கேட்டேன்:
"உங்களுக்குப் பிரஷர் எப்பங்க பார்த்தது?"
அதற்கப்புறம் அவனுக்கு ஜன்னல்தான்.

ஆபாவிலிருந்து இப்போது போட்டோ வருகிறது,
பில் அனுப்புகிற மாதிரி மாதாமாதம்:
தீர்ந்த மாத்திரை அட்டை.
அடியில், நூற்றி முப்பத்தாறு,
இன்னும் குறைப்பேன்.

ராக்கியண்ணனிடம் காட்டினேன்.
"பரவால்லியே" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார்.
இடது கை மேசைக்கடியில் போயிருந்தது.
"நாளைக்குப் பாக்கலாங்."

நாளைக்குப் பதினொண்ணுக்கு
மெஷினை அவர் மேசையில் வைத்துவிட்டு
நான் டீ குடிக்கப் போகிறேன்.
நிதானமாகத்தான் குடிப்பேன்.