ஆயிரத்துத் தொளாயிரத்து இருபதாவது புள்ளி

பெரும்போக அறுவடை. காலை ஆறரை.
சம்மாந்துறை மில்லிலிருந்து அஸ்மிர் கோல் எடுத்தான்:
"ராத்தா, பாரம் காட்டுற யன்னல் வருகுதில்ல.
புரோகிராம் ஓடுது.
திரையில ஒண்டும் இல்ல."

சாய்ந்தமருதிலிருந்து ஸ்கூட்டியில் போகும் வழியெல்லாம்
வயலை நான் பார்க்கவில்லை.
இருநூற்றுப் பன்னிரண்டாம் வரியைப் பார்த்துக்கொண்டே போனேன்.

யன்னலை உருவாக்குவது வேறு,
காட்டுவது வேறு.
உருவாக்கு என்றால் நிரல் நூலகம் உருவாக்கும்,
அகலம் உயரம் தலைப்பு எல்லாம் கொடுத்து
நினைவகத்தின் இருட்டில் இருத்தி வைக்கும்.
காட்டு என்று தனியாய்ச் சொல்லும்வரை
எழும்பாது அது.
சொன்னாலும் உடனே வந்துவிடாது.
திரைக்கு ஒரு முகாமையாளன் இருக்கிறான்,
எந்த மூலை, யாருக்கு மேலே, யாருக்குக் கீழே என்று
அவன்தான் தீர்ப்பான்.
பிறகு ஒரு செய்தி திரும்பி வரும்:
இனி வரையலாம்.
அதற்கு முந்தி வரைந்ததெல்லாம்
நீர்மேல் எழுத்து.

தராசு மேடையில் மெசினும் பெட்டியும் ஏறி நின்றன.
பின்னால் பதினொரு மெசின்.
முதலாவது, நெய்னாகாட்டு ஆதம்பாவா.
யன்னல் கம்பியைப் பிடித்தபடி
உள்ளே பார்த்துக்கொண்டு நின்றார்.
(அது மெய் யன்னல். துருப்பிடித்தது.)

காட்டு என்ற கட்டளை இருந்தது.
தாய்ச் சட்டகம் மறைந்திருந்தால்
பிள்ளைகளைக் காட்டி என்ன?
அதையும் பார்த்தேன், மறைந்திருக்கவில்லை.
சுழல் சுழன்றுகொண்டிருந்தது.
கடைசியில் யன்னலிடமே கேட்டேன்:
நீ தெரிகிறாயா?

ஆம் என்றது.

மறுகாவும் கேட்டேன்.
ஆம்.

எங்கே?
இடமிருந்து ஆயிரத்துத் தொளாயிரத்து இருபது,
மேலிருந்து பூச்சியம்.

இந்தத் திரை
ஆயிரத்துத் தொளாயிரத்துப் பத்தொன்பதோடு முடிகிறது.
அதற்கப்பால் சுவர்.
சுவரில் நாலு ஆணித் துளை,
தூசு படியாத ஒரு நீள்சதுரம்,
எதிலும் செருகாமல் தொங்கும் ஒரு வயர்.

அங்கேதான் இருந்தது இரண்டாவது திரை,
வெளியே நிற்பவரைப் பார்த்தபடி.
யன்னல் எப்போதும் அந்தப் பக்கமே திறக்கவேண்டும் என்று
நான்தான் எழுதி வைத்தேன்.
அது சொன்ன சொல் தவறவில்லை.
இல்லாத கண்ணாடியில்
ஒவ்வொரு மூட்டைக்கும் சரியாகத்தான்
பாரம் காட்டிக்கொண்டிருக்கிறது.

"ரிப்பேருக்குப் போயிரிக்கி"
என்றார் உதுமாலெப்பை முதலாளி,
போனிலிருந்து முகம் எடுக்காமல்.

"நேத்துப் பகல் இருந்திச்சி" என்றார் கம்பிக்கு வெளியே ஆதம்பாவா.
"ரெண்டு கிலோ எங்க போச்சு எண்டு நான் கேக்கக்குள்ளயும்
இருந்திச்சி."

யாரும் பேசவில்லை.
மெசின் மட்டும் உறுமிக்கொண்டு நின்றது.

"யன்னல இஞ்சால, எனக்கு முன்னுக்குக் கொண்டு வாங்க புள்ள."

ஒரு எண்ணை மாற்றினால் போதும்.
மாற்றினேன்.
வந்தது யன்னல், பச்சை எழுத்தில்:
நாலாயிரத்து எண்ணூற்று அறுபத்திரண்டு.
முதலாளி பார்த்தார். அஸ்மிர் பார்த்தான்.
ஆதம்பாவா விரல்நுனியில் எம்பி நின்று
திரையின் முதுகைப் பார்த்தார்,
காற்றுத் துளைகளையும் ஒரு ஸ்டிக்கரையும்.

மற்ற யன்னல்களுக்கு மேலே ஏற்றலாம்,
பெரிதாக்கலாம், முன்னே அழைக்கலாம்,
எல்லாவற்றுக்கும் கட்டளை இருக்கிறது.
இதற்கு இல்லை.
தாங்கியை இரண்டு கையாலும் பிடித்து
வெளிப்பக்கம் திருப்பினேன்.

"வெயில் பட்டா பழுதாகிரும்" என்று
முதலாளி பாதி திருப்பி வைத்தார்.

அந்தப் பாதியில் நிற்கிறது இப்போது.
உள்ளே இருப்பவரும் வெளியே நிற்பவரும்
கழுத்தைச் சரித்துத்தான் பார்க்கவேண்டும்.

பில் புத்தகத்தில் வேலை விபரம் என்று ஒரு கட்டம்.
நெடுநேரம் யோசித்து,
யன்னலைக் காட்டியது என்று எழுதினேன்.
முதலாளி வாசித்துவிட்டு
ஐந்நூறு ரூபா குறைத்தார்.