சாட்சியின் வரி

வெள்ளிக்கிழமை மாலை எய்லிஃப் கூப்பிட்டான்.
பத்து நிமிடம் போதும், ஒரு கையெழுத்து,
இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் பக்கத்தில் இருக்க வேண்டுமாம்,
தபால்காரி ஊன்னி வந்து காபி குடித்துக்கொண்டிருக்கிறாள்,
நீ வந்தால் முடிந்தது என்றான்.

வார்டோவில் அன்று
திறந்த கதவை மூட விடாத காற்று.
தூண்டில் முள்ளுக்கு இரை கோத்துக்கொண்டிருந்தேன்.
இன்னும் நானூறு முள் பாக்கி,
கையெல்லாம் கவிச்சி.
திங்கட்கிழமை பார்க்கலாமே என்றேன்,
திங்கள் என்ன ஓடியா போகிறது?

ஓடவில்லை. சரியாகத்தான் வந்தது.
ஞாயிறு இரவு
பனி தள்ளும் இயந்திரத்தைப் பிடித்தபடியே
எய்லிஃப் வாசலில் உட்கார்ந்துவிட்டான்.
தூருன் போய்ப் பார்த்தபோது
இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

இருபத்திரண்டு வருடம் ஒரே கூரை.
கல்யாணம் கேக் பிடித்தவர்களுக்கு என்பார்கள் இருவரும்,
நாங்களும் சிரிப்போம்.
பிள்ளை இல்லை. வீடு அவன் பெயரில்.
கூரைத் தகடு அவள் சம்பளம்,
கடல் பார்த்த ஜன்னல்கள் அவள் சம்பளம்,
ஆஸ்பத்திரித் துணிகளை வெளுத்து வெளுத்துச் சேர்த்தது.
ரசீது மட்டும் ஒன்றே ஒன்று:
மஞ்சள் பெயின்ட், மூன்று டப்பா.

பெர்கனிலிருந்து தம்பி வந்தான், சிக்பியோர்ன்.
கெட்டவனாக இருந்திருந்தால் எங்களுக்கு வசதி.
அழுதான்.
அவள் வைத்த மீன் சூப்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கினான்.
அவனுக்கும் கடன், அவனுக்கும் வக்கீல்.
"சட்டம் இப்படி இருக்கிறது, தூருன்" என்று
சட்டம் யாரோ ஒரு மூன்றாம் ஆள் போலச் சொன்னான்.

டிராயரில் தீர்ந்த பேட்டரிகளுக்கு அடியில் அந்தத் தாள்.
எய்லிஃபின் சாய்ந்த எழுத்து:
வீடு தூருனுக்கு. படகு தூருனுக்கு.
ரம்பமும் துளைபோடும் கருவியும் தம்பி மகனுக்கு.
நாய், அது யார் பின்னால் போகிறதோ அவருக்கு.
அதன் கீழே இரண்டு வெற்றுக் கோடுகள்.
ஊன்னி ஒன்றும் சொல்லவில்லை.
இரண்டாவது கோட்டின் மேல் விரலை வைத்து
கொஞ்ச நேரம் எடுக்காமல் இருந்தாள்.

நாய் தூருன் பின்னால்தான் போனது,
பழைய வங்கிக் கட்டடத்தின் மாடிக்கு,
வாடகை அறைக்கு.

மறுவருடம் சூரியன் திரும்பிய வாரம்
தூருன் கூப்பிட்டாள்.
மூன்று முறை சோப்புப் போட்டேன்,
நகக்கண்ணில் அப்போதும் கவிச்சி இருந்தது.
மேசைமேல் இரண்டு தாள்.
ஒன்று, போன பிறகு எது யாருக்கு என்று.
மற்றது, போவதற்கு முன்னாலேயே
நினைவு தப்பிவிட்டால்
தனக்காக யார் பேசலாம்,
எந்தக் குழாயை எப்போது பிடுங்கலாம் என்று.
பூச்செடிக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் என்றுகூட
எழுதியிருந்தாள்.

ஊன்னி போட்டாள். நான் போட்டேன்.
என் பெயர் இவ்வளவு சின்னது என்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.

"சாட்சிக்கு எதுவும் எழுதிவைக்கக் கூடாதாம்,
அதனால் கையிலேயே தருகிறேன்."
எய்லிஃபின் கையுறைகள்.
தம்பி கேட்காமல் விட்டுப்போனவை.
வலது உள்ளங்கையில்
இயந்திரக் கைப்பிடி தேய்த்த கறுப்பு.

திங்கட்கிழமை என் வீட்டுக்கு
நீங்கள் இரண்டு பேரும் வர முடியுமா என்றேன்.
திங்கள் எதற்கு, என்றாள் ஊன்னி.
தபால் பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவி
என் முன்னால் தள்ளினாள்.

வீடு, என்று எழுதினேன்.
அடுத்த சொல்லுக்குப் பேனா நகரவில்லை.
த்ரோன்ட்ஹெய்மில் ஒரு மகள்,
பேசி நாலு வருடம்.
எண் இன்னும் மனப்பாடம்,
மாற்றியிருக்கலாம்.

தூருன் அடுப்பை மறுபடி பற்றவைத்தாள்.
ஊன்னி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
அன்றைக்கென்று பார்த்து
வெளியே காற்றே இல்லை.